எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

என் தங்கை புருஷனின் வலது கால்மேல் லாரியை ஏற்றியவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்று ஏற்றினேனா, தெரியாமல் ஏற்றினேனா என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. ஊர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? என் தங்கை என்ன நினைக்கிறாள் என்பது ஒன்றுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அவளிடம் நான் குற்றமற்றவன் என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. காட்டினேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு நாங்கள் சேர்ந்து மூன்று வருசம் இருக்கும். அரிமளத்துக்கு மேற்கே ஒரு கல்குவாரி. குவாரியிலிருந்து ரோட்டுக்கு வர வழியே கிடையாது. கண்மாய்க்குள் இறங்கி, கரையேறி, செம்மண் மேட்டில் உருண்டு புரண்டு வர வேண்டும். சாதாரண லாரி எதுவும் அங்கே கால் வைக்காது. மாப்பிள்ளையிடம் ஒரு பட்டாள லாரி இருந்தது. தங்கை புருஷனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். யுத்தம் முடிந்து கழித்துக்கட்டி ஏலம் போட்டபோது எடுத்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கல்லை ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரையில் அது ஏறும்போது பார்க்க வேண்டும், யானை கெட்டது போங்கள்.

லாரிக்கு அவன்தான் சொந்தக்காரன், அவனே டிரைவர். நான் பிட்டர். பட்டாள ஒர்க்ஷாப்பில் ஐந்து வருசம் கை கறுத்தவன். அந்த லாரியின் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். அதன்மேல் எனக்கு ஒரு பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை என் தங்கையை அடிப்பான். குழம்பில் உப்பு, கதவு திறக்கத் தாமதம் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். ஆனால் நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். லாரி ஓடுகிற நாளில் அடி குறைவு. லாரி படுத்துக்கொண்டால் அவளுக்கு உடம்பு வீங்கும். அதனால் எனக்குள் ஒரு நியாயம் கட்டி வைத்திருந்தேன்: லாரியை நான் ஓட வைத்துக்கொண்டே இருந்தால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அர்த்தம். எவ்வளவு வசதியான நியாயம் பாருங்கள். எனக்குப் பிடித்த வேலையைச் செய்ய வேண்டும், அதற்குத் தங்கச்சி பாசம் என்று பேரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் கண்மாய்க்குள் பாரத்தோடு இறங்கியபோது லாரியின் பின் அச்சு முறிந்தது. வெடி வைத்தது போலச் சத்தம். குவாரியில் வெடி வைக்கிற நேரம் இல்லையே என்று மேலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கூடு குறுக்கே பிளந்து, உள்ளே இருந்த பல்சக்கரங்கள் பொடிப்பொடியாக எண்ணெயோடு மண்ணில் கொட்டிக் கிடந்தன. மாப்பிள்ளை இறங்கி வந்து பார்த்தான். கல்லை எடுத்து லாரியின் முன் விளக்கை உடைத்தான். இன்னொரு விளக்கையும் உடைத்தான்.

மறுநாள் விடிந்ததும் தங்கை என் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு கண் மூடிக் கிடந்தது. உதடு பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"அண்ணே, என்னைய இங்கிட்டே வச்சுக்க. நான் திரும்பிப் போகல" என்றாள்.

நான் அப்போது லாரிக்கு வேறு அச்சு எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"வண்டி வேலை முடியட்டும்மா. ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா அவன் சரியாயிருவான். அதுக்கு மேல பேசிக்கிருவம்" என்றேன்.

என் பெண்டாட்டி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

நாலு நாள் அலைந்தேன். அதே மாதிரி பட்டாள அச்சு திருச்சியில் கிடைக்கவில்லை. கீரனூருக்கு அந்தப் பக்கம் ஒரு பாலத்திலிருந்து கவிழ்ந்த லாரி ஒன்று ஓடைக்குள் கிடக்கிறது, பின் அச்சு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். வேறு ஜாதி வண்டி. ஆனால் அகலம் ஏறக்குறைய ஒத்துவரும். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் குவாரிக்குப் போனேன். அங்கே தங்கை அவனுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். சோற்றை ஒற்றைக் கையால் பிசைந்து எடுத்து வைக்கும்போது ஒரு பருக்கை அவன் வேட்டியில் விழுந்தது. அவன் அந்தக் கட்டுப்போட்ட கையிலேயே ஓங்கி ஒரு அடி அடித்தான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் ஜாக்கிக் கம்பி கிடந்தது. எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடியைத் தடுக்கக் கை தூக்கினான், வலது மணிக்கட்டில் விழுந்தது. அவன் என் வயிற்றில் தலையால் முட்டி என்னைக் கல்குவியல்மேல் தள்ளினான். இரண்டு பேரும் நாய்களைப் போல உருண்டோம். என் காதைக் கடித்தான். நான் அவன் மூக்கை உடைத்தேன். கல் உடைக்கிற ஆட்கள் நாற்பது பேர் சூழ்ந்து நின்று எங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் பிடியில் திமிறிக்கொண்டே நான் கத்தினேன்:

"ஒரு நாளைக்கு இந்த லாரியையே ஒம்மேல ஏத்திக் கொல்லல, நான் மனுசனில்லடா!"

நாற்பது பேரும் கேட்டார்கள். தங்கையும் கேட்டாள்.

இவ்வளவும் பேசிவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கீரனூருக்குப் போனோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். அவனுக்கு லாரி ஓட வேண்டும், எனக்கு லாரியை ஓட வைக்க வேண்டும். என் காதில் கட்டு, அவன் மூக்கில் கட்டு. கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

ஓடையில் கிடந்த லாரியில் அச்சைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தன. ஸ்பானர் பிடிக்கவில்லை. உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்துத்தான் வெட்ட வேண்டும். ஒருவர் உளியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். அவனுடைய வலது கை வீங்கியிருந்தது, அதனால் இடது கையால் உளியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். நான் சம்மட்டியைத் தூக்கினேன். அவன் தலை என் சம்மட்டிக்கு ஒரு முழம் கீழே இருந்தது.

"மச்சான், அடி தப்பிறாதுல்ல?" என்றான், நிமிர்ந்து பார்க்காமல்.

"தப்பாது. ஆடாமப் புடி."

எட்டு போல்ட்டு. ஒவ்வொன்றுக்கும் முப்பது நாற்பது அடி. ஒரு அடிகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு தடவை சம்மட்டி மேலே போகும்போதும் இந்த மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நொடியே உளியின் தலைதான் கண்ணுக்குத் தெரிந்தது. வேலை என்று வந்துவிட்டால் என் கை என் கோபத்தைக் கேட்காது. அதை அன்று பெருமையாக நினைத்தேன்.

அச்சை ஒரு நெல் லாரியில் போட்டுக் குவாரிக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். அங்கேதான் சிக்கல். அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற குண்டான பகுதி ஒன்று உண்டு. இஞ்சினிலிருந்து வருகிற நீளத் தண்டு அதில்தான் வந்து சேரும். எங்கள் பட்டாள லாரியில் அந்தத் தண்டு வலது பக்கமாக வரும். கொண்டு வந்த அச்சிலோ குண்டு இடது பக்கம் தள்ளி இருந்தது. நேராக மாட்டினால் தண்டு குறுக்கே கிடந்து சட்டத்தில் இடிக்கும்.

ஒரு நாள் முழுக்கப் பீடி பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குப் பொறி தட்டியது. அச்சைக் கவிழ்த்துப் போட்டால்? மேல்பக்கம் கீழே போகும், இடது பக்கம் வலது பக்கமாகும், குண்டு தண்டுக்கு நேரே வந்து நிற்கும்! துள்ளிக் குதித்தேன். ஆட்களைக் கூப்பிட்டுக் கடப்பாரை போட்டுப் புரட்டினேன். அளந்து வைத்தது போல வந்து உட்கார்ந்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். "தலகீழா வைக்கிறியே மச்சான், ஒண்ணும் ஆவாதா?"

"சுத்துற சாமானுக்குத் தலை எது, கால் எது? ஒனக்கு ஓட்டத்தான் தெரியும். மூடிக்கிட்டுப் போ அங்கிட்டு."

அவன் போய்விட்டான். புதுக்கோட்டைப் பட்டறையில் கொடுத்து, லாரியைத் தாங்குகிற வில்பட்டைகள் உட்காரும் இடத்தை வெட்டி மறுபக்கத்தில் வெல்டிங் வைத்துக் கொண்டு வந்தேன். எண்ணெய் ஊற்றப் போனபோது, ஊற்றுகிற துளை கீழே போயிருந்தது, வடிக்கிற துளை மேலே வந்திருந்தது. வடிக்கிற துளை வழியாகவே ஊற்றி மூடினேன். அச்சே வாயைத் திறந்து சொன்ன மாதிரிதான் அது. நான் காதில் வாங்கவில்லை. முன் சக்கரங்களுக்குப் போகிற தண்டை மட்டும் கழற்றி வைத்தேன். வேறு வண்டி அச்சு, முன்னும் பின்னும் பல் கணக்கு ஒத்துவருகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டலாம் என்று. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

பட்டாள ஒர்க்ஷாப்பாக இருந்தால், தரையில் இறக்குவதற்கு முன்னால் ஜாக்கியில் தூக்கி, இஞ்சினைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்ப்போம். எங்கள் குவாரியில் அது நடக்காது. பெரிய வேலை பார்த்த வண்டிக்குப் பூசை போடாமல் சக்கரம் சுற்றக் கூடாது. முதல் சுற்று எலுமிச்சம்பழத்தின் மேல்தான். இன்னொன்றும் உண்டு. பூசை போட்ட வண்டி முதலில் நகரும்போது அதன் எதிரே யாரும் நிற்க மாட்டார்கள். காவு கேட்கும் என்று பயம். எல்லாரும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பூசை. சூடம் காட்டித் தேங்காய் உடைத்து, முன் சக்கரங்களுக்கு எதிரே சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தங்கையும் வந்திருந்தாள், தள்ளிப் பெண்கள் பக்கம் நின்றாள். மாப்பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஓட்ட வேண்டியவன் நான்தான் என்று ஆகிவிட்டது. நான் அடித்த அடிதான் என்னை அந்த சீட்டில் உட்கார வைத்தது.

"நான் பின்னால நின்னு சக்கரம் ஆட்டங்குடுக்குதான்னு பாக்குறேன் மச்சான். மெதுவா எடு" என்று சொல்லிவிட்டு, வலது பின் சக்கரத்துக்குப் பின்னால், அடுக்கி வைத்திருந்த கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

இஞ்சின் பிடித்தது. அந்த உறுமலைக் கேட்டு எத்தனை நாள்! முதல் கியரில் போட்டு கிளட்சை விட்டேன். லாரி பின்னால் குதித்தது.

பின்னால் நின்ற கூட்டம் அலறியது. பிரேக்கை மிதித்தேன், நின்றது. சக்கரம் மாப்பிள்ளையைத் தட்டிக் கீழே தள்ளியிருந்தது, அவ்வளவுதான். கால்மேல் ஏறவில்லை. அப்போதே சாவியைத் திருப்பி இறங்கியிருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். ஆனால் எனக்கு என்ன தோன்றியது? அவசரத்தில் ரிவர்ஸில் போட்டுவிட்டேன் என்று தோன்றியது. முன்னால் எடுத்தால்தான் அவனை விட்டு விலகும் என்று தோன்றியது. கியர் கம்பியைப் பார்த்தேன். கண்ணால் பார்த்து, சந்தேகமே இல்லாமல், முதல் கியரில் தள்ளினேன். சீக்கிரம் விலக வேண்டுமே என்று ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்து கிளட்சை விட்டேன்.

லாரி எதன் மேலோ ஏறியது. அந்த ஏற்றம் என் முதுகுத்தண்டில் இன்னும் இருக்கிறது. எலும்பு நொறுங்குகிற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டார்கள். இருபது பேர் தோள் கொடுத்து லாரியை முன்னால் தள்ளினார்கள். மற்ற இருபது பேர் என்னை மிதித்தார்கள். கடப்பாரையின் பின்பக்கத்தால் ஒருவன் வாயில் குத்தியதில் முன்பல் மூன்று போயிற்று. "சொன்னபடி செஞ்சிட்டானே பாவி!" என்று ஒரு குரல். "ஒரு தடவை கைதப்புன்னு சொல்லலாம், ரெண்டாந்தடவை?" என்று இன்னொரு குரல். மண்ணில் முகம் புதைந்து கிடந்தபோது, முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் கண்ணில் பட்டன. ஒன்று அவர்கள் லாரியைத் தள்ளியதில் நசுங்கியிருந்தது. மற்றது உருண்டு விலகி, குங்குமம்கூடக் கலையாமல் முழுசாகக் கிடந்தது. யாரோ அதையும் காட்டிச் சொன்னார்கள், "முன்னால எடுக்கிற நெனப்பே இல்ல இவனுக்கு."

அவன் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் அவன் போலீசிடம் சொன்ன முதல் வார்த்தை: "வேணும்னே ஏத்துனான்."

மூன்று நாள் லாக்கப்பில் கிடந்தேன். அங்கேயும் அடிதான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்காலில் அடித்தால் காதுக்குள் சத்தம் கேட்கும் என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் நாள் குவாரியில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தாள். திறந்தால் கோழிக்குழம்பு. தங்கை கொடுத்துவிட்டது. அவள் வளர்த்த கோழியாக இருக்க வேண்டும், வேறு ஏது? பல் போன வாயால் மென்றுகொண்டே அழுதேன். ஊரே தூற்றினாலும் என் தங்கச்சிக்குத் தெரியும், அண்ணன் தெரியாமல் செய்துவிட்டான் என்று அவள் நம்புகிறாள், அதனால்தான் இந்தச் சோறு என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் கோழிக்குழம்பு வந்தது.

லாக்கப்பில்தான் எனக்கு விளங்கியது. அச்சைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரமும் பக்கம் மாறிவிடும். பக்கம் மாறினால் சுற்றும் திசையும் மாறிவிடும். ஒர்க்ஷாப்பில் சேர்ந்த முதல் வருசக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சுவரில் முட்டிக்கொண்டேன்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "ஏண்டா, பட்டாளத்துல அஞ்சு வருசம் பிட்டரு. ஒனக்குத் தெரியாதா இது?" என்றார்.

"தெரிஞ்சிருக்கணுங்க. தெரியலைங்க. வந்து ஒரு தடவை பாருங்க."

விலங்கோடு குவாரிக்குக் கூட்டிப் போனார். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, முதல் கியரில் போட்டுக் காட்டினேன். சக்கரம் பின்னால் சுற்றியது. ரிவர்ஸில் போட்டேன், முன்னால் சுற்றியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு என்னை விட்டுவிட்டார். என்னை மிதித்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை.

தங்கையை மட்டும் பார்க்க முடியவில்லை. நான் வெளியே வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனோடேயே தங்கிவிட்டாள். நான் அந்த அச்சைத் தொடவில்லை. அவள் கண்ணால் பார்க்காமல் அதைச் சரி செய்யக் கூடாது என்று ஒரு மாதத்துக்கு மேல் லாரியை ஜாக்கியிலேயே வைத்திருந்தேன். அவனை ஊன்றுகட்டையோடு வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, ஒரு முற்பகலில் போய் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

"இங்க பாரு. இது முதல் கியர். சக்கரம் எங்கிட்டுச் சுத்துது பாரு."

பார்த்தாள். குனிந்து நன்றாகவே பார்த்தாள்.

"முன்னால போடுறேன், பின்னால போகுது. ரெண்டாந்தடவையும் அதேதான். எனக்குத் தெரியாதும்மா. ஆத்தா மேல சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. நான் எதிர்பார்த்து வைத்திருந்த முகம் அது இல்லை.

"அப்ப நீ வேணும்னு ஏத்தலையா?"

"இல்லம்மா. அதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நீ எனக்காகச் செஞ்சேன்னுல்ல நெனச்சேன்" என்றாள். "எனக்குன்னு ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சுத்தாண்ணே கோழி அடிச்சு அனுப்புனேன்."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். கடைசியில், "இப்ப வந்துரும்மா. நம்ம வீட்டுக்குப் போயிருவம்" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"காலில்லாத மனுசன விட்டுட்டு எங்கிட்டுண்ணே வாரது? அன்னைக்கி வாசல்ல வந்து நின்னேன். அன்னைக்கிக் கூப்பிட்டிருக்கணும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் கஞ்சிக்குக் காத்திருப்பான், நேரமானால் கட்டையை வீசுவான் என்று சொல்லிவிட்டு, கண்மாய்க் கரை வழியாக வேகமாக நடந்து போனாள்.